மேல் ஜன்னல் யாருக்கு?

வாடிக்கையாளர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால், அதற்கப்புறம் தட்டுவது மட்டும்தான் நம் விரல். வேலை வாங்குவது அவர் வாய். அச்சகத்தில் டைப் அடிப்பவர்கள் அனைவருக்கும் இது தெரியும். தெரியாதவர்கள் கொடுத்துவைத்தவர்கள், அவர்கள் இதைப் படிக்கவே வேண்டாம்.

கோல சிலாங்கூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் அச்சகம். முதலாளி ஜமால் நானா. அவர் வயதுக்காரர்களும் சரி, அவரைவிட மூத்தவர்களும் சரி, ஊரே அவரை நானா, அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடும். எழுத்தெல்லாம் நான் அடிப்பேன். அதைப் பக்கம் பக்கமாக அமைத்து, பூப்போட்டு, பிள்ளையாரை உட்கார வைப்பது நானா. அச்சிட்டு வெட்டுவது செகிஞ்சானிலிருந்து வரும் சீனர் ஆ செங்.

நான் அடிப்பது மௌஸ் தேவைப்படாத ஓர் எடிட்டரில். கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, பட்டன் கிட்டன் ஒன்றும் கிடையாது, எல்லாமே கீபோர்டுதான். திரையைத் துண்டு துண்டாகப் பிரித்து ஒன்றில் தமிழ், ஒன்றில் மலாய், ஒன்றில் இங்கிலீஷ் என்று வைத்துக்கொள்ளலாம். அந்தத் துண்டுக்கு ஜன்னல் என்று பெயர். எழுத்து விழப்போகும் இடத்தில் ஒரு சின்னக் குச்சி மின்னிக்கொண்டிருக்கும், ஒரு நேரத்தில் ஒரு ஜன்னலில் மட்டும். கண்ட்ரோலையும் டபிள்யூவையும் சேர்த்து அழுத்தி, கூட ஓர் எழுத்தைத் தட்டினால் ஜன்னலுக்கு ஜன்னல் தாவலாம், ஜன்னலையே இடம் மாற்றலாம். இதை நான் பகட்டுக்காகச் செய்யவில்லை. மௌஸ் பிடித்துப் பிடித்து என் வலது மணிக்கட்டு போய்விட்டது. தொட்டால் தோள்பட்டை வரை இழுக்கும். இனி மௌஸ் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

நானாவுக்கு இந்தக் கறுப்புத் திரை ஆகாது. கடைக்கு வருகிறவர்கள் பார்த்தால் கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று நினைப்பார்களாம். கடைசியில் ஒரு முடிவு சொன்னார். பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து எஸ்டேட் கோவிலின் திருவிழா மலர் எங்களிடம் வந்திருந்தது. அது முடிகிறவரை கறுப்புத் திரை இருக்கலாம், அதில் ஒரு தப்பு வந்தாலும் மௌஸுக்கு மாறிவிட வேண்டும், முடியாது என்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றார். சொன்னதோடு நிற்காமல் புது மௌஸ் ஒன்று வாங்கி, பெட்டியைப் பிரிக்காமல் கவுண்டரில் என் கண்ணில் படும்படி வைத்தார். எனக்கு அந்தப் பெட்டியைப் பார்த்தாலே கை வலித்தது.

இருப்பது ஒரே ஜன்னல்

காதுகுத்து அழைப்பிதழ் அடிக்கக் கெர்லிங்கிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவருடைய தமிழும் மலாயும் இங்கிலீஷும் திரையில் கலைந்து கிடந்தன. நானா உள்ளே வரும்போது, மூன்று ஜன்னலையும் இடம் மாற்றிவிட்டு வந்துவிடுகிறேன், ஆண்ட்டிக்கு ஒரு மைலோ சொல்லுங்கள் என்றேன். 

அந்த அம்மா சட்டென்று எழுந்தார். கைப்பையை எடுத்தார், குடையை எடுத்தார், நாற்காலியைச் சுவரிலிருந்து நகர்த்தி நடுக்கடையில் போட்டு உட்கார்ந்தார். மண்ணும் தூசியும் விழுமே என்று முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் நான்கு சுவரையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். ஆணியும் அடிக்கவில்லை, ஆளும் வரவில்லை. நான் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருந்தேன். பொறுத்துப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்:

“ஏம்மா, இந்தக் கடைக்கு இருக்கிறதே ஒரு ஜன்னல். அதையும் ஏர்கோன் போட்டு அடைச்சிருக்கீங்க. மிச்சம் ரெண்டும் எங்க இருக்கு?”

சின்ன எழுத்தும் பெரிய எழுத்தும்

நான் லீவு போட்டால் கடை நிற்கிறது என்று நானாவே ஒருநாள் இதைக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். சின்ன எச் தட்டினால் நாம் இடதுபக்க ஜன்னலுக்குப் போவோம், பெரிய எச் தட்டினால் நாம் நிற்கும் ஜன்னலே கிளம்பி இடதுபக்கம் போய் நிற்கும். அவருக்கு இது பிடிபடவில்லை. எஸ்டேட்டின் வரிசை வீடுகளான லயத்தில் வளர்ந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்த மாதிரி சொன்னேன்: சின்ன எழுத்து என்றால் நீங்கள் அடுத்த வீட்டுக்குப் போகிறீர்கள்; பெரிய எழுத்து என்றால் வீட்டையே பெயர்த்து லயத்தின் கடைசியில் கொண்டுபோய் வைக்கிறீர்கள். அது சரி, விளங்கிவிட்டது என்றார்.

நானா இங்கிலீஷில் பெயர் அடித்தால் எல்லாம் பெரிய எழுத்துதான். மாப்பிள்ளை பெயரை அடித்துவிட்டு கேப்ஸ் லாக்கை எடுக்க மறந்துவிட்டார். அதற்கப்புறம் அவர் அடுத்த வீட்டுக்குப் போகலாம் என்று தட்டத் தட்ட, லயம் முழுக்கக் குடிபெயர்ந்துகொண்டிருந்தது. இங்கிலீஷ் மேலே போனது, மலாய் கீழே விழுந்தது, தமிழ் ஓர் ஓரத்தில் ஈர்க்குச்சி அகலத்துக்கு நின்றது. நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றேன். அவர் கையைக் கீபோர்டிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்:

“நான் ஒரு வார்த்தை பேசிட்டு வரலாம்னுதான் பக்கத்து வீட்டுக்குப் போனேன். இது என்னைக் கண்டதும் வீட்டைத் தூக்கிக்கிட்டு ஓடுது.”

குறுக்கே வெட்டு

ஜன்னலை மேலும் கீழுமாகப் பிரிப்பதா, பக்கத்தில் பக்கத்தில் பிரிப்பதா என்று என்னைப் போன்றவர்களுக்குள்ளேயே குழப்பம் உண்டு. கோடு குறுக்கே போனால் ஜன்னல் மேலும் கீழும் நிற்கும். கோடு நெடுக்கே இறங்கினால் ஜன்னல் பக்கத்தில் நிற்கும். குறுக்கே என்றால் கோட்டைச் சொல்கிறோமா, ஜன்னலைச் சொல்கிறோமா என்று எடிட்டர் வைத்திருப்பவர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். உங்களில் சிலருக்கு இது நண்பரையே இழந்த விஷயமாக இருக்கும்.

ஒரு கல்யாணக் கார்டுக்காக நான் திரையைப் பிரித்துக்கொண்டு, வாய்விட்டு, குறுக்கே, குறுக்கே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்னால் வெட்டும் மெஷினில் அதே கார்டை வைத்துக்கொண்டு நின்ற ஆ செங், தனக்குத்தான் சொல்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஒரே இறக்கு. கட்டு கட்டாக மேல் பாதியில் மாப்பிள்ளை, கீழ் பாதியில் பொண்ணு. நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். எங்கள் கடையிலேயே பழகி எங்களைப் போலவே தமிழ் பேசும் ஆ செங் கார்டைக் கையில் எடுத்து, இரண்டு பாதியையும் ஒட்ட வைத்துப் பார்த்துவிட்டு எனக்கு ஆறுதல் சொன்னார்:

“நான் வெட்டினது பேப்பர்தான் லா. கல்யாணம் இன்னும் இருக்கு.”

தலைவர் கீழே

கோவில் மலருக்கு வருவோம். கோவிலுக்குத் தலைவர் ஒருவர், செயலாளர் ஒருவர். தலைவர் எஸ்டேட் ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர். தாளில் என்ன இருக்கிறதோ அதை அப்படியே படிப்பவர், தாளுக்கு வெளியே ஒரு வார்த்தை பேசமாட்டார். செயலாளர் லோரி வைத்திருப்பவர். இரண்டு பேருக்கும் எந்த வருடம் ஆகாமல் போனது என்று கேட்டால் ஆளுக்கொரு வருடம் சொல்வார்கள். மலரில் இரண்டு பேரும் ஆளுக்கொரு வாழ்த்துரை எழுதியிருந்தார்கள். இரண்டையும் நான் மேல் ஜன்னலிலும் கீழ் ஜன்னலிலுமாகத் திறந்து வைத்திருந்தபோது, இரண்டு பேரும் சேர்ந்தே வந்து நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார்கள்.

தலைவர் உரை கீழ் ஜன்னலில் இருந்தது. அவர் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் திரையைப் பார்த்தார். இது புத்தகத்தில் வராது ஐயா, நான் வேலை செய்ய வைத்துக்கொண்டது என்றேன். செயலாளர் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, விளக்கம் சொல்லிப் பயனில்லை என்று புரிந்தது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். இப்போது தலைவர் ஜன்னல் கொஞ்சம் அகலம் என்று செயலாளர் விரலால் அளந்து காட்டினார். எடிட்டரில் சமக்குறியைத் தட்டினால் எல்லா ஜன்னலும் ஒரே அளவுக்கு வந்துவிடும், அப்படியே தட்டினேன். இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை. இனி பேச ஒன்றுமில்லை என்று நான் மூச்சு விட்டேன். செயலாளர் மட்டும் எழுந்திருக்கவில்லை.

“அளவெல்லாம் சரிதான் தங்கச்சி. ஆனா அந்தக் குச்சி ஏன் அவரு பக்கமே நின்னு மின்னுது?”

போன பேச்சு

இந்த எடிட்டரில் ஊறிய கைக்கு ஒரு வியாதி உண்டு. ஜன்னல் மாற்ற வேண்டும் என்று நினைத்தாலே விரல் தானாகக் கண்ட்ரோல் டபிள்யூவுக்குப் போகும். இணையப் பக்கத்தில் இருக்கும்போது அதே இரண்டு கட்டையை அழுத்தினால் அந்தப் பக்கம் மூடிக்கொள்ளும். உங்களில் எத்தனை பேர் பாங்குப் பக்கத்தை இப்படி மூடிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும்.

ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், தான் வேலை பார்த்த பள்ளியின் இணையப் பக்கத்தில் நினைவுரை எழுத எங்கள் கடைக்கு வந்தார். தானே அடிப்பேன் என்று பிடிவாதமாக ஒற்றை விரலால் ஒரு காலைப்பொழுது முழுக்க அடித்தார். முடிகிற சமயத்தில், ஒரு எழுத்தைச் சரிசெய்து தரச் சொன்னார். நான் குனிந்தேன். விரல் அதன் வழக்கப்படி போனது. பக்கம் போய்விட்டது. எங்கேயாவது சேமித்திருக்குமா என்று தேடோ தேடென்று தேடினேன், கிடைக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

“விடும்மா. எங்க வீட்டுக்காரரும் நான் கடைசி வரிக்கு வர்ற நேரத்துலதான் எந்திரிச்சுப் போவாரு.”

மகத்தான பணி

மலருக்குக் கடைசித் திருத்தம் பார்க்கத் தலைவரும் செயலாளரும் மறுபடி வந்தார்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரி குறுகிப்போய்த் தலைவருக்குப் படிக்க முடியவில்லை. அதனால் மேலும் கீழுமாகவே வைப்பது, ஆனால் முறை போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம் ஆகியிருந்தது. அன்று மேல் ஜன்னல் செயலாளர் முறை. நானா பின்னால் நின்றார். கவுண்டரில் மௌஸ் பெட்டி.

தலைவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. அவர் உரையில், ‘இக்கோவிலுக்கு நான் ஆற்றிய பணியை ஊர் அறியும்’ என்று ஒரு வரி. அதில் பணிக்கு முன்னால் ‘மகத்தான’ என்று ஒரு வார்த்தை சேர்க்கச் சொன்னார். தமிழ்க் கீபோர்டைப் போட்டுச் சேர்த்தேன். சேர்த்த அந்த நொடியே செயலாளர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்து, அவர் மகத்தானவர் என்றால் நான் யார், என் உரைக்குப் போ, அங்கேயும் ஒன்று சேர்க்க வேண்டும் என்று சத்தம் போட்டார். நான் பதறிப்போய் மேல் ஜன்னலுக்குத் தாவினேன். கண்ட்ரோல் டபிள்யூ, அப்புறம் மேலே போக கே. நகரவில்லை. மறுபடி ஒரு கே. அப்போதும் நகரவில்லை. இந்த எடிட்டரில் எழுத ஒரு நிலை, ஜன்னல் தாவ வேறு நிலை; எழுதும் நிலையிலிருந்து நான் வெளியே வரவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. எஸ்கேப் தட்டி, தமிழை எடுத்துவிட்டு, மேலே போனேன். அதற்குள் செயலாளருக்குக் கோபத்தில் எந்த வார்த்தை வேண்டும் என்பதே மறந்துவிட்டது. அவர் உரை அப்படியே நின்றது.

எனக்குத் தெரியாமல் கீழே நடந்தது இதுதான். எழுதும் நிலையில் இருக்கும்போது கண்ட்ரோல் டபிள்யூ ஜன்னலை மாற்றாது. கடைசியாக அடித்த வார்த்தையைத் தின்றுவிடும். ‘மகத்தான’ போய்விட்டது. எங்கள் தமிழ்க் கீபோர்டில் கே இருக்கும் இடத்தில் இருப்பது ‘ம’. இரண்டு தரம் தட்டினால் அதுவே புள்ளி வைத்து ‘ம்ம’ ஆக்கிவிடும். ஆக, தலைவர் உரையில் இப்போது இருந்த வரி: ‘இக்கோவிலுக்கு நான் ஆற்றிய ம்ம பணியை ஊர் அறியும்.’ 

ப்ரூஃப் எடுத்து இரண்டு பேர் கையிலும் கொடுத்தேன். தலைவர் தன் உரையைப் படிக்கவில்லை. அவர், செயலாளர் உரை தன்னுடையதைவிட ஒரு வரி நீளமா என்று எண்ணிக்கொண்டிருந்தார். செயலாளர் தன் உரையைப் படிக்கவில்லை; தலைவர் உரையைப் படித்தார். நான் அதையெல்லாம் அத்தனை தரம் படித்திருந்ததால் என் கண் வரியின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. நானா மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் மெதுவாகத்தான் வரும், பூ சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். செயலாளர் ஓர் இடத்தில் நின்றார். அவர் முகம் மலர்ந்தது. தாளை என்னிடம் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார்.

“ரொம்ப நல்லா வந்திருக்கு தங்கச்சி. ஒரு எழுத்துகூட மாத்தாத.”

ம்ம

மலர் கட்டெல்லாம் கோவிலுக்குப் போனபிறகு, கடைக்கென்று எடுத்து வைத்த பிரதியைப் புரட்டினேன். அந்த ‘ம்ம’ வரி கண்ணில் பட்டது. மறைக்கத் தோன்றவில்லை, மறைத்தாலும் நாளைக்கு ஊரே சிரிக்கும். நானாவிடம் விரலை வைத்துக் காட்டினேன். அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். கவுண்டரிலிருந்த பெட்டியை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டுத் தொழப் போய்விட்டார். நான் அந்தப் பெட்டிக்கு முன்னால் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. அதைவிட, இரண்டு ‘கே’ தட்டியதற்காக என் பிழைப்பு போகிறதே என்று ஆத்திரமாக இருந்தது.

திருவிழா முடிந்து தலைவர் வந்தார். கையில் ஒரு தூக்கு. அடிக்கத்தான் கொண்டுவந்திருக்கிறார் என்று நினைத்தேன். உள்ளே சர்க்கரைப் பொங்கல் இருந்தது. கோவிலில் மைக்கைப் பிடித்துத் தன் உரையைப் படித்தாராம். தாளில் இருப்பதை அப்படியே படிப்பவர் அல்லவா. ‘நான் ஆற்றிய’ என்று படித்து, அடுத்து ‘ம்ம’ என்று இருந்ததால் ‘ம்ம’ என்றே படித்து, திகைத்துப்போய்க் கொஞ்சம் நின்று, அப்புறம் பணியை ஊர் அறியும் என்று முடித்திருக்கிறார். பெருமை பேச வந்த மனுசன் பேச மனசு வராமல் முழுங்கிவிட்டார் என்று கூட்டம் நினைத்துவிட்டது. கைதட்டினார்களாம். பொம்பளைகள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்களாம். தலைவருக்கு இத்தனை அடக்கமா என்று சாப்பாட்டுப் பந்தியில் அதே பேச்சாம். நான்தான் யோசித்து ‘மகத்தான’ என்பதை எடுத்துவிட்டு அப்படிப் போட்டேன் என்று அவர் முடிவு செய்திருந்தார். நான் மறுக்கவில்லை. பொங்கலில் முந்திரி நிறைய இருந்தது.

தலைவர் கார் கிளம்பிய கொஞ்ச நேரத்தில் வாசலில் லோரி வந்து நின்றது. செயலாளர் மலரைச் சுருட்டிப் பிடித்தபடி இறங்கினார். என் மேஜைக்கு வந்து, நானா நிற்பதையும் பார்க்காமல், மனசில் இருந்ததையெல்லாம் கொட்டினார்.

“ப்ரூஃப்லயே நான் பார்த்துட்டேன். மானம் போகட்டும்னுதான் சும்மா இருந்தேன். இப்ப ஊரே அவரைத் தூக்கி வச்சுப் பேசுது. ரெண்டு பேருக்கும் சமமாப் போடணும்னு அன்னைக்கே சொன்னேனா இல்லையா? அவருக்கு மட்டும் ம்ம போட்டிருக்க. எனக்கு ஏன் போடல?”

அடுத்த வருட மலரில் அவருக்கும் ஒன்று போடுவதாக வாக்குக் கொடுத்து அனுப்பினேன். எந்த இடத்தில் வேண்டும் என்பதை யோசித்துச் சொல்கிறேன் என்று போனார். லோரி திரும்பி மறைகிறவரை நானா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் மௌஸ் பெட்டியை என் மேஜையிலிருந்து எடுத்து அலமாரியின் மேல்தட்டில், பழைய காலண்டர்களுக்குப் பின்னால் தள்ளினார். அப்படியென்றால் கறுப்புத் திரை இருக்கட்டுமா நானா என்று கேட்டேன். அவர் தூக்கைத் திறந்து ஒரு வாய்ப் பொங்கல் போட்டுக்கொண்டார்.

“ம்ம.”

ஜன்னலை மேலே, கீழே, இடம், வலம் என்று எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகர்த்த எனக்குத் தெரியும். அதன் முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தவர்களை நகர்த்தும் கட்டை எந்தக் கீபோர்டில் இருக்கிறது என்றுதான் இன்னும் தெரியவில்லை.